ஒரு கட்டுரை, ஒரே ஒரு முறை: சர்வர் ஸ்கிரிப்டிலிருந்து மாஸ்டடானில் பதிவிடுவது

இணையதளத்தில் புதுக் கட்டுரை வெளியானதும் அதன் தலைப்பும் இணைப்பும் சமூக ஊடகக் கணக்கில் தானாக ஏற வேண்டும். யாரும் போனைத் திறந்து காப்பி பேஸ்ட் செய்துகொண்டிருக்கக் கூடாது. சர்வரில் இருக்கும் சின்ன ஸ்கிரிப்ட் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கும். வந்திருந்தால் பதிவிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துவிடும். இதில் பதிவிடும் வேலை நிரலில் ஐந்தாறு வரிதான். மிச்ச வரிகள் எல்லாம் ஒரே கட்டுரை இரண்டு முறை ஏறாமல் இருக்கவும், சாவி வெளியே போகாமல் இருக்கவும், தமிழ் எழுத்து உடையாமல் இருக்கவும் தேவைப்படுபவை. இந்தக் கட்டுரையும் அதே விகிதத்தில்தான் போகும்.

எடுத்துக்காட்டுக்கு மாஸ்டடானை எடுத்துக்கொள்வோம். யூஜென் ரோச்கோ 2016இல் ஜெர்மனியில் தொடங்கிய கட்டற்ற சமூக ஊடக மென்பொருள் அது. ஒரே கம்பெனியின் கையில் இல்லாமல், ஆயிரக்கணக்கான சர்வர்களாகப் பிரிந்து ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறது. வெளி நிரல்கள் அதனோடு பேசுவதற்கான வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். மாஸ்டடானில் அது இலவசம், விண்ணப்பம் போட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்கும் வேலையும் இல்லை. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. இங்கே கற்றது மற்ற தளங்களிலும் பெருமளவு உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கோரிக்கையில் வரும் புலப்பெயர்களை இங்கே உச்சரிப்பாகத் தருகிறோம். நிரலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், ஆவணத்தில் உள்ளபடியே எழுத வேண்டும்.

கடவுச்சொல் எதற்கு வேண்டாம்

ட்விட்டரின் ஆரம்ப ஆண்டுகளில் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஸ்கிரிப்டிலேயே எழுதி, ஒரே வரிக் கட்டளையில் பதிவிட முடிந்தது. 2010 ஆகஸ்ட் கடைசியில் ட்விட்டர் அந்த வழியை மூடியது. மூடியதற்கு நல்ல காரணம் இருந்தது. கடவுச்சொல் கிடைத்தவர் பதிவிடுவதோடு நிற்க மாட்டார். தனிச்செய்திகளைப் படிக்கலாம், கடவுச்சொல்லை மாற்றி உங்களையே வெளியே தள்ளலாம், கணக்கை அழிக்கலாம்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் டோக்கன். பால்காரருக்கு யாரும் வீட்டுச் சாவியைக் கொடுப்பதில்லை. கேட்டில் ஒரு பையை மாட்டிவைக்கிறோம். பால் பாக்கெட்டைப் பையில் போடுவதற்கு மட்டும் அவருக்கு அனுமதி, வீட்டுக்குள் வர வழியில்லை. வேண்டாம் என்றால் பையைக் கழற்றிவிடலாம், வீட்டுப் பூட்டை மாற்ற வேண்டியதில்லை. டோக்கனும் அப்படித்தான். எதைச் செய்யலாம் என்ற எல்லை அதிலேயே இருக்கும். அந்த எல்லைக்கு ஸ்கோப் என்று பெயர்.

மாஸ்டடான் கணக்கில் உலாவி வழியாக நுழைந்து, பிரிஃபரன்சஸ் பக்கத்தில் டெவலப்மெண்ட் பகுதிக்குப் போய், நியூ அப்ளிகேஷன் பொத்தானை அழுத்துங்கள். பெயர் எதுவானாலும் சரி. ரீடைரக்ட் முகவரியில் ஏற்கெனவே இருப்பதைத் தொட வேண்டாம். ஸ்கோப் பட்டியல்தான் முக்கியம். முன்கூட்டியே டிக் ஆகியிருப்பவற்றை எடுத்துவிட்டு, பதிவு எழுதுவதற்கான ரைட் ஸ்டேட்டஸஸ், படம் ஏற்றுவதற்கான ரைட் மீடியா, சரிபார்ப்புக்கு ரீட் அக்கவுண்ட்ஸ், ரீட் ஸ்டேட்டஸஸ் ஆகிய நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். சேமித்தபின் அப்ளிகேஷனின் பெயரைச் சொடுக்கினால் மூன்று நீளமான எழுத்துச்சரங்கள் தெரியும்: கிளையண்ட் கீ, கிளையண்ட் சீக்ரெட், ஆக்சஸ் டோக்கன். சொந்தக் கணக்கில் பதிவிட மூன்றாவது மட்டும் போதும். பின்னால் ஸ்கோப்பை மாற்றினால் டோக்கனையும் அங்கேயே புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள்.

இந்த டோக்கனை எங்கே வைப்பது? நிரலுக்குள் வேண்டாம். இணையதளக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டருக்குள்ளும் வேண்டாம். அங்கே இருக்கும் எதையும், வெப் சர்வரின் அமைப்பில் ஒரு சின்னத் தவறு நேர்ந்தால், உலாவியில் முகவரி அடித்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள முடியும். அந்த ஃபோல்டருக்கு வெளியே தனிக் கோப்பு ஒன்றில் வைத்து, ஸ்கிரிப்ட் ஓடும் பயனருக்கு மட்டும் படிக்கும், எழுதும் உரிமை இருக்கும்படி 600 என்று அனுமதியைச் சுருக்குங்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் அந்தக் கோப்பின் பெயரை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். ஒருமுறை தவறிப்போய் அதைக் கமிட் செய்துவிட்டால், அதாவது கிட்டில் சேமித்துவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். டோக்கனை ரத்து செய்து வேறு எடுப்பதுதான் வழி. கமிட் வெளியே போன அதே நிமிடம் அதைச் செய்யுங்கள்.

முதல் கோரிக்கை

பதிவிடுவதற்கு முன் டோக்கன் வேலை செய்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். உங்கள் மாஸ்டடான் சர்வரின் முகவரியோடு ஏபிஐ, வி1, அக்கவுண்ட்ஸ், வெரிஃபை கிரெடென்ஷியல்ஸ் என்ற பாதையைச் சேர்த்து ஒரு கெட் கோரிக்கை (தகவலைக் கேட்டு வாங்கும் வகை) அனுப்புங்கள். கோரிக்கையின் ஹெடரில், அதாவது தலைப்புக் குறிப்பில், ஆத்தரைசேஷன் என்ற பெயரும், அதன் மதிப்பாக பேரர் என்ற சொல், ஓர் இடைவெளி, பிறகு டோக்கன் என்ற வரிசையும் இருக்க வேண்டும். அந்த இடைவெளி விட்டுப்போவதும், கோப்பிலிருந்து டோக்கனைப் படிக்கும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் புதுவரிக் குறியும்தான் புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடங்கள். படித்தவுடன் இருபுறமும் வெற்றிடத்தை வெட்டிவிடுங்கள். உங்கள் கணக்கின் பெயரோடு பதில் வந்தால் கதவு திறந்துவிட்டது என்று பொருள்.

பதிவுக்கான பாதை ஏபிஐ, வி1, ஸ்டேட்டஸஸ். இதற்கு, தகவலைக் கொடுக்கும் போஸ்ட் முறையில் அனுப்ப வேண்டும். உள்ளே போக வேண்டிய புலங்கள் மூன்று. ஸ்டேட்டஸ் என்பதில் பதிவின் வாசகம். விசிபிலிட்டி என்பதில் யார் பார்க்கலாம் என்பது. லாங்குவேஜ் என்பதில் மொழியின் ஈரெழுத்துக் குறி. தமிழுக்கு டி, ஏ. இந்த மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் கணக்கின் இயல்பு மொழியாக எது இருக்கிறதோ அதன் பெயரில் பதிவு போய்விடும். காலவரிசையில் தமிழ்ப் பதிவுகள் மட்டும் வேண்டும் என்று வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு அது கண்ணில் படாது. மொழிபெயர்ப்புப் பொத்தானும் தவறாக நடந்துகொள்ளும்.

சோதனை செய்யும்போது விசிபிலிட்டியை டைரக்ட் என்று வைத்து, வாசகத்தில் யாருடைய கணக்கையும் குறிப்பிடாமல் அனுப்புங்கள். உங்கள் கணக்குக்கு மட்டும் அது தெரியும். எழுத்து சரியாக வருகிறதா, இணைப்பு சொடுக்க வருகிறதா என்று நிதானமாகப் பார்த்து அழித்துவிடலாம். உண்மையான பதிவுகளுக்கு அன்லிஸ்டட் நல்ல தேர்வு. பின்தொடர்கிறவர்களுக்கு வந்து சேரும், ஆனால் பொதுக் காலவரிசையை உங்கள் ஸ்கிரிப்ட் அடைத்துக்கொள்ளாது. தானியங்கிக் கணக்குகள் இப்படித்தான் பதிவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கும் சர்வர்களும் உண்டு. சேருவதற்கு முன் அவர்களுடைய விதிப்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக நடந்தால் 200 என்ற எண்ணோடு, பெயரும் மதிப்பும் இணை இணையாக வரும் ஜேசன் வடிவில் பதில் வரும். அதில் ஐடி, யுஆர்எல் என்ற இரண்டையும் எடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். ஐடி நீண்ட எண் போலத் தெரிந்தாலும் மேற்கோள் குறிகளுக்குள் சரமாகத்தான் வரும். அதைச் சரமாகவே வைத்திருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அதை எண்ணாக மாற்றினால் கடைசி இலக்கங்கள் மாறிப்போகும். பிறகு அந்தப் பதிவை அழிக்கப் போனால் அப்படி ஒரு பதிவே இல்லை என்று பதில் வரும்.

தவறான பதில்களில் நான்கு எண்களைத் தெரிந்துவைத்தால் போதும். 401 வந்தால் டோக்கன் தவறு, அல்லது ரத்தாகிவிட்டது. 403 என்றால் டோக்கன் சரி, ஸ்கோப் போதவில்லை. 422 என்றால் உள்ளடக்கத்தில் சிக்கல். பெரும்பாலும் வாசகம் நீளம் மீறியிருக்கும், இல்லையென்றால் காலியாகப் போயிருக்கும். 429 என்றால் அளவுக்கு மீறிக் கதவைத் தட்டிவிட்டீர்கள். முதல் மூன்றுக்கும் திரும்ப முயல்வதில் அர்த்தமே இல்லை. நூறு முறை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். நின்று, பதிவேட்டில் எழுதி, மனிதருக்குத் தகவல் அனுப்ப வேண்டியவை அவை. 429க்கு மட்டும் எக்ஸ் ரேட்லிமிட் ரீசெட் என்ற ஹெடரில் உள்ள நேரம் வரை காத்திருந்து மீண்டும் அனுப்பலாம். மாஸ்டடானின் இயல்பு வரம்பு ஒரு கணக்குக்கு 5 நிமிடத்தில் 300 கோரிக்கைகள். படம் ஏற்றுவதற்கு 30 நிமிடத்தில் 30. கட்டுரை அறிவிக்கும் ஸ்கிரிப்ட் இந்த எல்லையின் பக்கத்தில்கூடப் போகாது. அப்படியும் 429 வருகிறது என்றால் லூப்பில் எங்கோ தவறு இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

இரட்டைப் பதிவு எங்கிருந்து வருகிறது

இதுதான் இந்த வேலையின் நடுமையம். எல்லோரும் முதலில் எழுதும் ஸ்கிரிப்ட் இப்படி இருக்கும்: ஆர்எஸ்எஸ் ஓடையை (தளத்தின் புதிய கட்டுரைகளின் பட்டியலை நிரல்கள் படிக்கும் வடிவில் தரும் கோப்பு) படி, முதல் கட்டுரை நேற்றுப் பார்த்ததா என்று பார், இல்லையென்றால் பதிவிடு, பதிவிட்டதைக் குறித்துக்கொள். இது பத்து நாள் ஒழுங்காக ஓடும். பதினோராம் நாள் ஒரே கட்டுரை ஆறு முறை ஏறியிருக்கும்.

நடந்தது இதுதான். ஸ்கிரிப்ட் கோரிக்கையை அனுப்பியது. மாஸ்டடான் அதை வாங்கிப் பதிவும் செய்துவிட்டது. ஆனால் பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்தது. ஸ்கிரிப்டுக்குத் தெரிந்ததெல்லாம் பதில் வரவில்லை என்பது மட்டும். அதனால் அது குறித்துக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி அனுப்பியது. பதில் வராததும் பதிவு ஆகாததும் ஒன்றல்ல என்பதை ஸ்கிரிப்டுக்கு நாம் சொல்லித்தர வேண்டும்.

மாஸ்டடான் இதற்கு ஒரு வசதி வைத்திருக்கிறது. ஐடெம்பொடென்சி கீ என்ற ஹெடரில் ஏதாவதொரு தனித்த சரத்தைச் சேர்த்து அனுப்பினால், அதே சரத்தோடு மறுபடி வரும் கோரிக்கைக்குப் புதுப் பதிவு போடாமல் முன்பு போட்ட பதிவையே பதிலாகத் தரும். கூரியர் ரசீது எண் போல. ஒரே எண்ணைக் காட்டி எத்தனை முறை கேட்டாலும் ஒரே பார்சல்தான். அந்தச் சரத்தைக் கட்டுரையின் அடையாளத்திலிருந்து செய்யுங்கள். ஆர்எஸ்எஸ் ஓடையில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஜியுஐடி என்று ஒன்று இருக்கும், அதன் ஹேஷ் மதிப்பு, அதாவது அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் மாறாத சரம், போதும். அனுப்பும் நேரத்தில் தற்செயல் எண் உருவாக்கிச் சேர்த்தால் பயனில்லை, ஒவ்வொரு முயற்சிக்கும் அது மாறிவிடும்.

ஆனால் இந்த நினைவு மாஸ்டடானிடம் ஒரு மணி நேரம்தான் இருக்கும். அதற்குமேல் எது போனது என்ற குறிப்பு உங்களிடமே இருக்க வேண்டும். ஒரே கோப்பில் அடங்கும் சிறிய தரவுத்தளமான எஸ்க்யூலைட்டில் ஒரே ஒரு அட்டவணை போதும். ஜியுஐடி, நிலை, மாஸ்டடான் தந்த ஐடி, நேரம் என்று நான்கு பத்திகள். ஜியுஐடி முதன்மைச் சாவி. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அனுப்புவதற்கு முன்பே "அனுப்புகிறேன்" என்ற நிலையோடு வரியை எழுதிவிட வேண்டும். பதில் வந்தபின் "அனுப்பியாயிற்று" என்று மாற்றி ஐடியைச் சேர்க்க வேண்டும். ஸ்கிரிப்ட் அடுத்த முறை எழும்போது ஏதாவதொரு வரி "அனுப்புகிறேன்" என்றே நின்றிருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் என்றால் அதே ஐடெம்பொடென்சி கீயோடு மறுபடி அனுப்பலாம். ஒரு மணி நேரம் தாண்டியிருந்தால், உங்கள் கணக்கின் கடைசிப் பதிவுகளை வாங்கி, அந்தக் கட்டுரையின் இணைப்பு அவற்றில் இருக்கிறதா என்று பார்த்தபின்தான் அனுப்ப வேண்டும். ரீட் ஸ்டேட்டஸஸ் ஸ்கோப்பை முன்பே சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

புதியதா என்று தீர்மானிக்கத் தேதியை நம்பாதீர்கள். பத்து நாளுக்கு முன் எழுதி வரைவில் கிடந்த கட்டுரையை இன்று வெளியிட்டால், சில அமைப்புகளில் பழைய தேதியோடுதான் ஓடையில் வரும். "கடைசியாகப் பார்த்த தேதிக்குப் பிந்தையது" என்று தேடும் ஸ்கிரிப்ட் அதைத் தாண்டிப் போய்விடும். சர்வர் உலக நேரத்திலும் ஓடை இந்திய நேரத்திலும் இருந்தால் ஐந்தரை மணி நேரக் குழப்பம் வேறு சேரும். ஜியுஐடி அட்டவணையில் இல்லையென்றால் புதியது, அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு காவல்கள் வேண்டும். முதன்முதலாக ஓட்டும்போது அட்டவணை காலி, ஓடையிலோ பத்து இருபது பழைய கட்டுரைகள். அத்தனையும் ஒரே மூச்சில் ஏறிவிடும். ஆகவே முதல் ஓட்டத்தில் எதையும் பதிவிடாமல் எல்லாவற்றையும் "பார்த்தாயிற்று" என்று குறிக்க மட்டும் செய்ய வேண்டும். இன்னொன்று, தளத்தின் முகவரி மாறும் நாள். பல ஓடைகளில் ஜியுஐடியாகக் கட்டுரையின் முகவரியே இருக்கும். தளத்தைப் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றியதும் அத்தனை ஜியுஐடியும் மாறி, பழைய கட்டுரை எல்லாம் ஸ்கிரிப்டின் கண்ணுக்குப் புதியதாகிவிடும். ஒரே ஓட்டத்தில் மூன்றுக்கு மேல் புதிய கட்டுரை தென்பட்டால் எதையும் பதிவிடாமல் நின்று தகவல் அனுப்பு என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த ஒரு வரி பின்தொடர்கிறவர்களை உங்களிடம் தக்கவைக்கும்.

தமிழ் எழுத்தை எண்ணுவது

மாஸ்டடானில் இயல்பு எல்லை 500 எழுத்து. இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23 என்றே கணக்கு. தமிழ்த் தள முகவரிகள் நூற்றுக்கணக்கான குறிகளாக விரிந்து கிடப்பது வழக்கம் என்பதால் இது நமக்குப் பெரிய ஆறுதல். சில சர்வர்கள் 500ஐ மாற்றி வைத்திருக்கும். ஏபிஐ, வி2, இன்ஸ்டன்ஸ் என்ற பாதையில் கேட்டால் அந்தச் சர்வரின் எல்லை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எழுத்து என்றால் எது? "வணக்கம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் படிக்கும்போது வ, ண, க், க, ம் என்று ஐந்து. கணினி சேமிக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி தனிக் குறி என்பதால் ஏழு யூனிகோட் குறிகள். யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 21 பைட். பிஎச்பியின் ஸ்டிர்லென் 21 என்று சொல்லும், பைத்தானின் லென் 7 என்று சொல்லும், மாஸ்டடான் 5 என்று எண்ணும். நம் கண் எண்ணுவது போலவே எண்ணும் முறைக்கு கிராஃபீம் கணக்கு என்று பெயர். எந்தத் தளம் எதை எண்ணுகிறது என்று தெரியாமல் வெட்டினால், இடம் இருக்கும்போதே வாசகம் பாதியில் நின்றுவிடும்.

வெட்டும் இடமும் முக்கியம். குறிக் கணக்கில் வெட்டினால் "தமிழ்" என்பதன் கடைசிப் புள்ளி போய் "தமிழ" என்று நிற்கும். "கொடு" என்பதில் கொம்பும் காலும் போய் "க" மட்டும் மிஞ்சும். பைட் கணக்கில் வெட்டினால் குறியே உடைந்து, கேள்விக்குறி அடைத்த கறுப்பு வைரமாகத் தெரியும், அல்லது ஜேசனாக மாற்றும் கட்டத்திலேயே பிழையாகி நிற்கும். பிஎச்பியில் இன்ட்ல் நீட்சி தரும் கிராஃபீம் சப்ஸ்டர், பைத்தானில் வழக்கமான ஆர்இ-க்குப் பதிலாக ரீஜெக்ஸ் என்ற தனித் தொகுப்பு, ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் ஆகியவை கிராஃபீம் எல்லை அறிந்தவை. அவற்றால் 450க்கு வெட்டி, அங்கிருந்து பின்னால் வந்து முதல் இடைவெளியில் நிறுத்தி, மூன்று புள்ளி வைத்து, கீழே இணைப்பைச் சேர்த்தால் வாசகம் சுத்தமாக இருக்கும்.

பதிவில் தமிழுக்குப் பதில் சாய்கோடும் கூரையும் போட்ட லத்தீன் எழுத்துகள் வரிசையாக வந்தால், யுடிஎஃப்-8 பைட்டுகளை வழியில் யாரோ பழைய ஒற்றை பைட் குறியீடாகப் படித்திருக்கிறார்கள் என்று பொருள். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் அநேகமாக தரவுத்தள இணைப்பு. மைஎஸ்க்யூஎல்லில் அட்டவணை சரியாக இருந்தும் இணைப்பின் எழுத்துக்குறி வேறாக இருந்தால் இது நடக்கும். இணைப்பிலேயே யுடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிடுங்கள். ஜேசனில் தமிழ் தெரியாமல், பின்சாய்கோட்டோடு யு என்று தொடங்கும் எண்வரிசையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது முறையான வடிவம்தான், அந்தப் பக்கம் தமிழாகவே விரியும்.

புளூஸ்கை என்ற இன்னொரு சமூக ஊடகத்தில் இந்த எழுத்துக் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. அங்கே எல்லை 300 கிராஃபீம். ஏபிஐ வழியாகப் போகும் பதிவில் இணைப்பு தானாகச் சொடுக்கத்தக்கதாக ஆகாது. வாசகத்தின் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை இணைப்பு என்பதை ஃபேசட் என்ற பகுதியில் நாமே சொல்ல வேண்டும். அந்த இடத்தைச் சொல்ல வேண்டியது யுடிஎஃப்-8 பைட் எண்ணில். "புதிய கட்டுரை: " என்று எழுதி, அதன் பின்னால் 30 எழுத்துள்ள முகவரி ஒன்றை வைப்பதாகக் கொள்வோம். "புதிய" 15 பைட், இடைவெளி 1, "கட்டுரை" 21, முக்காற்புள்ளி 1, இடைவெளி 1, ஆக 39. முகவரி 39ஆம் பைட்டில் தொடங்கி 69இல் முடிகிறது. பைத்தானிடம் முகவரி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் 15 என்று சொல்லும், ஏனென்றால் அது குறிகளை எண்ணுகிறது. அந்த 15ஐயும் 45ஐயும் அப்படியே கொடுத்தால் "கட்டுரை:" என்ற சொல்லும் முகவரியின் முதல் ஆறு எழுத்தும் நீலமாகிச் சொடுக்கத் தயாராக நிற்கும், மிச்ச முகவரி வெறும் எழுத்தாகக் கிடக்கும். ஆங்கிலத்தில் இரண்டு எண்ணும் ஒன்றாக வருவதால், ஆங்கில எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதிய நிரல் தமிழுக்கு வரும்போதுதான் இது வெளிப்படுகிறது. முகவரிக்கு முந்தைய பகுதியை பைட்டாக மாற்றி அதன் நீளத்தை எடுங்கள், சரியாகிவிடும்.

புளூஸ்கையில் அமைப்புப் பக்கத்தில் ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி, அதைக் கொடுத்துத் தற்காலிக டோக்கன் வாங்க வேண்டும். இணைப்போடு தலைப்பும் படமுமாகத் தெரியும் முன்னோட்ட அட்டையையும் சர்வர் செய்து தராது. தலைப்பு, சுருக்கம், படம் மூன்றையும் நாமே சேர்த்து அனுப்ப வேண்டும். மாஸ்டடானில் சர்வரே இணைப்பைத் தேடிப் போய், பக்கத்தின் தலைப்பு, படம் முதலியவற்றைச் சொல்லும் ஓஜி குறிகளைப் படித்து அட்டை செய்துகொள்கிறது. அதில் ஒரு விளைவு உண்டு. பதிவு போய்ச் சேரும் ஒவ்வொரு சர்வரும் தனித்தனியே உங்கள் தளத்துக்கு வரும். பின்தொடர்கிறவர்கள் பல சர்வர்களில் இருந்தால், பதிவிட்ட அடுத்த ஓரிரு நிமிடத்தில் ஒரே பக்கத்துக்கு நூற்றுக்கணக்கான வருகைகள் குவியும். சிறிய ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள் பக்கத்துக்கு கேஷ் (ஆயத்தமாக வைத்திருக்கும் நகல்) போட்டுவைப்பது நல்லது.

படம்

படத்தைப் பதிவோடு சேர்த்து அனுப்ப முடியாது. முதலில் ஏபிஐ, வி2, மீடியா என்ற பாதையில் ஏற்றி, வரும் ஐடியைப் பதிவின் மீடியா ஐடிஸ் புலத்தில் சேர்க்க வேண்டும். 200 வந்தால் படம் தயார். 202 வந்தால் இன்னும் பக்குவப்படுத்திக்கொண்டிருக்கிறது. சில விநாடிக்கு ஒருமுறை அந்த ஐடியைக் கேட்டுப் பார்த்து, 206 போய் 200 ஆனதும் பதிவிடுங்கள். ஏற்றும்போதே டிஸ்கிரிப்ஷன் புலத்தில் படத்தில் இருப்பதைத் தமிழில் எழுதுங்கள். திரைவாசிப்பானில் கேட்கிறவர்களுக்குப் படம் என்பது அந்த வரிதான், கோப்பின் பெயரை அங்கே போடாதீர்கள்.

கிரானில் ஏற்றுவது

கையால் ஓட்டும்போது ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டதும் சத்தமில்லாமல் செத்துப்போகும். காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று. கிரானுக்கு உங்கள் டெர்மினலின் சூழல் தெரியாது. பைத்தான் எங்கே இருக்கிறது என்று முழுப் பாதையாகச் சொல்ல வேண்டும். தற்போதைய ஃபோல்டர் பயனரின் ஹோம் என்பதால், எஸ்க்யூலைட் கோப்பைப் பாதையில்லாமல் பெயரால் மட்டும் திறந்தால் அங்கே புதிதாகக் காலிக் கோப்பு ஒன்று பிறக்கும். முதல் ஓட்டக் காவல் இல்லாவிட்டால் பழைய கட்டுரைகள் எல்லாம் கிளம்பிவிடும். கிரான் வரியில் சதவீதக் குறி வந்தால் கட்டளை அந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்பது மூன்றாவது.

பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் தொகுப்புக்கு டைம்அவுட் சொல்லாவிட்டால் பதிலுக்காக முடிவில்லாமல் காத்திருக்கும். இணைப்புக்கு 10 விநாடி, பதிலுக்கு 30 விநாடி என்று கொடுங்கள். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்கிவிடாதபடி எஃப்லாக் கட்டளையோடு சேர்த்து ஓட்டுங்கள். 500 வரிசை எண்கள் வந்தால் அந்தப் பக்கச் சர்வர் தடுமாறுகிறது என்று பொருள். 30 விநாடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டி மூன்று முறை பார்த்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்கு விட்டுவிடுங்கள். ஐடெம்பொடென்சி கீ அதேதான் என்பதால் பயமில்லை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு வரி பதிவேட்டில் எழுதட்டும்: நேரம், ஓடையில் எத்தனை, புதியது எத்தனை, வந்த எண் என்ன. டோக்கனை மட்டும் அதில் எழுதிவிடக் கூடாது. பிழை வரும்போது ஹெடரோடு முழுக் கோரிக்கையையும் கொட்டும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள்.

மாஸ்டடான் சர்வரின் முகவரியையும் டோக்கன் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நிரலில் புதைக்காதீர்கள். தானியங்கிக் கணக்குகளுக்கென்றே இருந்த பாட்சின் ஸ்பேஸ் சர்வர் 2024 இறுதியில் மூடப்பட்டது. ட்விட்டர் தன் பழைய இலவச ஏபிஐ அணுகலை நிறுத்துவதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தது. இடம் மாறும் நாள் வரத்தான் செய்யும். அன்று இரண்டு வரி மாற்றினால் போதும் என்றிருக்க வேண்டும்.

கணக்கின் சுயவிவரத்தில் இது தானியங்கிக் கணக்கு என்ற பெட்டியை டிக் செய்து, பொறுப்பாளரைத் தொடர்புகொள்ளும் வழியையும் எழுதுங்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியில், குறிப்பிட்ட பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு இருந்தால் எதுவும் செய்யாமல் வெளியேறு என்று ஒரு சோதனை வையுங்கள். ஊரே துக்கத்தில் இருக்கும் நாளில் "இந்த வாரச் சமையல் குறிப்பு" என்று அது பதிவிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சர்வரைத் தொட முடியாத இடத்தில் இருந்தால், போன் உலாவியில் கணக்கைத் திறந்து, டெவலப்மெண்ட் பகுதியில் அந்த அப்ளிகேஷனை நீக்குங்கள். அந்த நொடியிலிருந்து ஸ்கிரிப்டுக்கு 401 மட்டும்தான் கிடைக்கும்.